வேகத்தை மடக்கும் வட்டம்

பரமக்குடி – இராமநாதபுரம் நான்கு வழிச்சாலைக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்துவிட்டது. சாலை அகலமானால் வேகம் கூடும். கூடிய வேகம் சந்திப்புகளுக்கு வந்து சேரும்போது என்ன ஆகும்? நல்ல ரவுண்டானா எப்படி உயிர் காக்கிறது, மோசமான ரவுண்டானா எங்கே கோட்டை விடுகிறது?

மதுரைப் பக்கமிருந்து வரும் தேசிய நெடுஞ்சாலை 87, மானாமதுரை, பரமக்குடி, இராமநாதபுரம், மண்டபம், பாம்பன், இராமேஸ்வரம் என்று ஓடி, அரிச்சல்முனையில் ஒரு வட்டத்தில் முடிகிறது. வட்டத்தின் நடுவே அசோகத் தூண். ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் மன்னார் வளைகுடா. 2017 ஜூலையில் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரையிலான 9.5 கிலோமீட்டர் சாலை திறக்கப்படும் வரை, இந்த மணலில் குலுங்கிக் குலுங்கிப் போன வேன்கள்தான் பயணிகளுக்குத் துணை. இன்று சொகுசுப் பேருந்தும் காரும் பைக்கும் நேராகக் கடல் முனைக்கே வந்துவிடுகின்றன. எந்த வண்டியானாலும் தூணை வலப்பக்கம் வைத்து ஒரு சுற்று வந்துதான் திரும்ப வேண்டும். அந்தச் சுற்றில் யாராலும் வேகமாகப் போக முடியாது. போலீஸ்காரர் கை காட்ட வேண்டியதில்லை, சிக்னல் எரிய வேண்டியதில்லை. சாலையின் வடிவமே ஓட்டுநரின் காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுக்க வைக்கிறது.

சாலைப் பொறியியலில் ரவுண்டானா பற்றிச் சொல்லப்படும் அத்தனைக்கும் இதுதான் அடிப்படை. வட்டத்தின் வேலை அழகு அல்ல, வேகத்தை மடக்குவது. இதை ஊர் மக்களும் அதிகாரிகளும் ஒன்றாகப் புரிந்துகொள்ள வேண்டிய நேரம் இராமநாதபுரத்துக்கு இப்போது வந்திருக்கிறது.

மூன்று நெடுஞ்சாலைகள் கூடும் ஊர்

இராமநாதபுரத்தைச் சாலை வரைபடத்தில் பார்த்தால் அதன் சிக்கல் விளங்கும். மேற்கிலிருந்து கிழக்காக 87. சென்னையிலிருந்து நாகப்பட்டினம், தொண்டி வழியாக இறங்கித் தூத்துக்குடிக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலை, இப்போதைய எண் 32. திருமயத்தில் தொடங்கிக் காரைக்குடி, தேவகோட்டை வழியாக வரும் 536. இந்த மூன்று தேசிய நெடுஞ்சாலைகளின் போக்குவரத்தும் ஒரு நடுத்தர நகரத்தின் ஓரத்தில் வந்து குவிகிறது. கீழக்கரைக்கும் ஏர்வாடி தர்காவுக்கும் திருப்புல்லாணிக்கும் தேவிபட்டினம் நவபாஷாணத்துக்கும் போகிறவர்களும் இங்கேதான் திரும்புகிறார்கள்.

வண்டிகளின் எண்ணிக்கையோடு அவற்றின் கலவையையும் பார்க்க வேண்டும். கார்த்திகை, மார்கழியில் சபரிமலை முடித்து இராமேஸ்வரம் வரும் ஐயப்ப பக்தர்களின் வேன்கள், ஆந்திராவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வரும் சுற்றுலாப் பேருந்துகள், பாம்பனிலும் மண்டபத்திலும் ஐஸ் போட்டு ஏற்றிய மீன் வண்டிகள், அரசுப் பேருந்துகள். இவற்றுக்கு நடுவில் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் மூட்டை கட்டி வரும் விவசாயி, பள்ளிக்கூடத்தில் கொடுத்த விலையில்லா மிதிவண்டியில் போகும் பிள்ளைகள், ஷேர் ஆட்டோ.

வெளியூர் ஓட்டுநர் விடியலில் அக்கினி தீர்த்தத்தில் குளித்தாக வேண்டும் என்று இரவெல்லாம் ஓட்டி வருகிறார். எந்த இடத்தில் கிராமத்துச் சாலை வந்து சேர்கிறது என்று அவருக்குத் தெரியாது. உள்ளூர்க்காரர் அதே சாலையைத் தன் தெருவின் நீட்சியாக நினைத்து நிதானமாகக் குறுக்கே வருகிறார். அவசரமாக வரும் அந்நியரும் அவசரமில்லாத உள்ளூர்க்காரரும் சந்திக்கும் புள்ளிதான் சந்திப்பு. அங்கே யார் செய்த பிழை என்று பிறகு ஆராயலாம். உயிர் போவது பெரும்பாலும் பைக்கில் வந்தவருக்கும் நடந்து வந்தவருக்கும்தான்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கை இதற்குச் சாட்சி. அந்த ஆண்டு நாட்டில் நடந்த விபத்துகள் 4,61,312. இறந்தவர்கள் 1,68,491 பேர். விபத்து எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. இறப்பில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம்: 17,884. நாடு முழுக்க இறந்தவர்களில் 44.5 சதவீதம் பேர் இரு சக்கர வாகனத்தில் வந்தவர்கள்.

இந்தப் பின்னணியில்தான் 2025 ஜூலை 1 அன்று மத்திய அமைச்சரவை எடுத்த முடிவைப் பார்க்க வேண்டும். பரமக்குடிக்கும் இராமநாதபுரத்துக்கும் இடையே 46.7 கிலோமீட்டர் சாலையை 1,853 கோடி ரூபாயில் நான்கு வழியாக்க ஒப்புதல் கிடைத்தது. இருவழிச் சாலையில் எதிரே வரும் பேருந்துக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போன மக்களுக்கு இது நெடுநாள் தேவை. நடுவில் தடுப்பு வந்தால் நேருக்கு நேர் மோதல்கள் கணிசமாகக் குறையும். ஆனால் தடுப்புள்ள சாலையில் கூடும் வேகம் ஏதாவது ஒரு சந்திப்பில் வந்து இறங்கத்தான் செய்யும். அங்கே அதை வாங்கித் தணிக்க என்ன வைத்திருக்கிறோம்?

முப்பத்திரண்டிலிருந்து எட்டு

நான்கு சாலைகள் கூடும் சாதாரணச் சந்திப்பில் வண்டிகளின் பாதைகள் ஒன்றையொன்று வெட்டியோ, சேர்ந்தோ, பிரிந்தோ போகும் இடங்களைப் பொறியாளர்கள் எண்ணிவைத்திருக்கிறார்கள். மொத்தம் 32. அதே சந்திப்பை ஒரு தடம் கொண்ட ரவுண்டானா ஆக்கினால் அது 8 ஆகிறது. அந்த எட்டிலும் ஒரு பாதை இன்னொன்றை நேர் குறுக்கே வெட்டுவது கிடையாது. சேர்வதும் பிரிவதும் மட்டுமே.

குறுக்கே வெட்டும் மோதல்தான் கொல்லும் மோதல். நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், பக்கச் சாலையிலிருந்து ஏறும் பைக்கின் இடுப்பில் மோதுகிறது. பைக்கில் இருப்பவருக்கும் காரின் முன்பகுதிக்கும் இடையே எந்தத் தடுப்பும் இல்லை. வேகம் இரட்டித்தால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். 80-இல் வரும் வண்டியின் ஆற்றல் 30-இல் வரும் அதே வண்டியைப் போல ஏழு மடங்கு. சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிர் பறிக்கும் விபத்துக்கான வாய்ப்பு நான்கு சதவீதம் கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ரவுண்டானா இந்தக் கணக்கை இரண்டு வழிகளில் மாற்றுகிறது. நேராகப் பாய விடாமல் வண்டியை இடப்பக்கம் வளைத்து, வேகத்தை முப்பது, நாற்பதுக்குக் கொண்டுவருகிறது. மோதினாலும் குறுக்கே மோத விடாமல், ஒரே திசையில் போகும் வண்டிகள் பக்கவாட்டில் உரசும்படி செய்கிறது.

அமெரிக்காவில் சிக்னலோ நிறுத்தப் பலகையோ இருந்த 24 சந்திப்புகளை ரவுண்டானாவாக மாற்றிய பிறகு செய்த ஆய்வு 2001-இல் வெளியானது. மொத்த விபத்துகள் 38 சதவீதம் குறைந்திருந்தன. காயம் ஏற்படுத்திய விபத்துகளோ 76 சதவீதம் குறைந்திருந்தன. இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கவனிக்க வேண்டும். ரவுண்டானா வந்தாலும் வண்டிகள் உரசிக்கொள்ளும், பம்பர் நசுங்கும், இருவர் இறங்கி நின்று சத்தம் போடுவார்கள். ஆனால் அந்த இருவரும் வீட்டுக்குப் போவார்கள். இன்டியானா மாநிலத்தின் கார்மெல் என்ற ஊர் இதை நம்பி, 1990-களின் பிற்பாதியிலிருந்து சிக்னல்களை எடுத்துவிட்டு நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ரவுண்டானாக்களைக் கட்டியிருக்கிறது.

உள்ளே இருப்பவருக்கே வழி

வட்டத்தைக் கட்டிவிட்டால் மட்டும் இந்தப் பலன் வராது என்பதை மேலை நாடுகள் பட்டுத்தான் கற்றன. பாரிஸில் வெற்றி வளைவைச் சுற்றி 1907-இலும், இங்கிலாந்தின் லெட்ச்வொர்த் ஊரில் 1909-இலும் சுற்றுப் போக்குவரத்து வந்துவிட்டது. ஆனால் யாருக்கு முன்னுரிமை என்பது தெளிவாக இல்லை. வெளியிலிருந்து வருபவர் உள்ளே முட்டி நுழைவார், சுற்றிக்கொண்டிருப்பவர் நிற்பார், அவர் நின்றதால் அவருக்குப் பின்னால் வெளியேற வேண்டியவரும் நிற்பார். சற்று நேரத்தில் வட்டம் முழுவதும் இறுகிப்போகும். நம் ஊர்களில் மாலை ஆறு மணிக்கு நடப்பதும் இதுவேதான்.

பிரிட்டனில் ஃபிராங்க் பிளாக்மோர் என்ற போக்குவரத்துப் பொறியாளர் போன்றவர்களின் முயற்சியால் 1966 நவம்பரில் ஒரே ஒரு விதி வந்தது: நுழைபவர், ஏற்கெனவே வட்டத்துக்குள் இருப்பவருக்கு வழி விட வேண்டும். புதிய சாலையோ மேம்பாலமோ கட்டாமல், வட்டங்கள் இறுகுவது குறைந்தது. பிரான்ஸ் 1980-களில் இதே விதிக்கு மாறியது. இன்று உலகிலேயே மிக அதிக ரவுண்டானாக்கள் உள்ள நாடுகளில் அது ஒன்று.

நம் நாட்டிலும் விதி இருக்கிறது. 2017-இல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், ரவுண்டானாவில் சுற்றிக்கொண்டிருக்கும் வண்டிக்கே முன்னுரிமை தருகின்றன. இடப்பக்கம் ஓட்டும் நாடு என்பதால் நாம் சுற்றுவது கடிகாரச் சுற்று. அதனால் நுழையும்போது வலப்பக்கம் பார்த்து, வருகிறவரை விட்டுவிட்டுப் போக வேண்டும். இராமேஸ்வரம் கோயிலின் மூன்றாம் பிரகாரத்தைச் சுற்றுவது போலத்தான்: சுவாமி வலப்பக்கம், நடை இடமிருந்து வலமாக. அத்தனை கூட்டத்திலும் அங்கே யாரும் எதிர்த்திசையில் புகுந்து முட்டுவதில்லை. பிரகாரத்தில் பழக்கத்தால் வந்த ஒழுங்கு, சாலையில் கற்பித்தால் வராதா என்ன?

கற்பிக்கும் இடத்தில்தான் ஓட்டை. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கிளட்ச்சும் கியரும் சொல்லித் தருகிறார்கள். ரிவர்ஸ் எடுக்கச் சொல்கிறார்கள். ரவுண்டானாவுக்கு முன்னால் எங்கே நின்று எந்தப் பக்கம் பார்ப்பது, வெளியேறும் முன் இடது இண்டிகேட்டர் போடுவது எப்படி என்று வண்டியில் உட்காரவைத்துக் காட்டித் தருவது அரிது. சாலையில் 'வழி விடு' கோடும் முக்கோணப் பலகையும் இல்லாத வட்டத்தில், பெரிய வண்டி முதலில் போகும், அதிகமாக ஹாரன் அடிப்பவர் அடுத்துப் போவார். விதி இல்லாத வட்டத்தில் பலம்தான் விதி.

நம் வட்டங்களின் நோய்கள்

தமிழ்நாட்டு நகரங்களில் ரவுண்டானா என்ற பெயரில் நிற்பவற்றில் பல, சிலைக்கோ கொடிக்கம்பத்துக்கோ போட்ட மேடைகள். சிலை நிற்பதில் தவறில்லை. சாலைகளின் அகலமும் திருப்பமும் பார்த்து வட்டத்தின் அளவை முடிவு செய்யாமல், சிலைக்கு எவ்வளவு இடம் கிடைத்ததோ அவ்வளவை வட்டமாக்குவதுதான் தவறு. வட்டம் சிறிதாகவும் சாலை அகலமாகவும் இருந்தால் வண்டி வளையவே வேண்டியதில்லை. வேகம் குறையாது, குழப்பம் மட்டும் கூடும்.

அளவுக்கு மீறிப் பெரிதானாலும் தொல்லை. வலப்பக்கம் திரும்ப வேண்டியவர் முக்கால் வட்டம் சுற்றியாக வேண்டும். தூரம் அதிகமானால் பைக்காரர் குறுக்கு வழி தேடுவார். எதிர்த்திசையில் கால் வட்டம் போய்த் திரும்பிவிடுவார். நல்ல ரவுண்டானாவில் இதைத் தடுக்க, ஒவ்வொரு சாலையும் வட்டத்தைத் தொடும் இடத்தில் நீள்முக்கோண வடிவில் ஒரு சிமென்ட் திட்டு இருக்கும். வரும் வண்டியையும் போகும் வண்டியையும் அது பிரிக்கும். வருபவரை இடப்பக்கம் வளைக்கும். நடந்து கடப்பவர் பாதி வழியில் நிற்க இடமும் கொடுக்கும். பேரிகார்டை இழுத்துப் போட்டு இந்த வேலையைச் செய்ய முடியாது.

நீளமான மீன் லாரியும் பேருந்தும் திரும்பும்போது பின்சக்கரம் உள்வாங்கும். அதற்காக வட்டத்தையே சுருக்கக் கூடாது. நடுத்திட்டைச் சுற்றி, லாரிச் சக்கரம் ஏறிப் போகக்கூடிய தாழ்வான கல் விளிம்பு அமைப்பார்கள். கார் அதில் ஏறாது. லாரி ஏறி இறங்கிப் போய்விடும்.

நடுத்திட்டில் கட்சிப் பலகையும் கல்யாண பிளக்ஸும் நிறைந்தால், வலப்பக்கம் வரும் வண்டி கண்ணில் படாது. வட்டத்தின் வாயிலேயே பேருந்து நிறுத்தமும் ஷேர் ஆட்டோ நிறுத்தமும் இருந்தால், வெளியேற வேண்டிய வண்டி உள்ளேயே நிற்கும். பேருந்து நிறுத்தத்தை வட்டத்தைத் தாண்டிச் சற்றுத் தள்ளி வைத்தாலே பல ஊர்களில் பாதி நெரிசல் தீரும்.

வட்டம் தாங்கும் அளவு

ரவுண்டானா எல்லா இடத்துக்கும் மருந்து என்று சொல்வது நேர்மையாகாது. சாலைத் தரங்களை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் 1976-இல் வெளியிட்ட வழிகாட்டி (எண் 65), எல்லாச் சாலைகளிலிருந்தும் சேர்த்து மணிக்கு 3,000 வண்டிகள் வரை வட்டம் தாங்கும் என்றது. அதற்கு மேல் போனால் வேறு வழி தேட வேண்டும். 2017-இல் இந்தியச் சாலைகளின் கலவைப் போக்குவரத்தைக் கணக்கில் கொண்டு அந்த வழிகாட்டி திருத்தி எழுதப்பட்டது. சென்னையின் ஜெமினி வட்டம் 1973-இல் அண்ணா மேம்பாலமானதும், கத்திப்பாரா வட்டம் 2008-இல் பன்னடுக்குப் பாலமானதும், வட்டம் தாங்கும் அளவைப் போக்குவரத்து மீறியதால்தான்.

கோயம்புத்தூரில் இதற்கு நேர்மாறாக நடந்தது. அண்மை ஆண்டுகளில் அங்கே பல சிக்னல்களை எடுத்துவிட்டு யு-டர்ன்களும், லாலி ரோடு போன்ற சந்திப்புகளில் ரவுண்டானாவும் கொண்டுவந்தார்கள். சிவப்பு விளக்கில் காத்திருக்கும் நேரம் குறைந்தது ஓட்டுநர்களுக்கு நிம்மதி. ஆனால் வண்டிகள் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும் சாலையை முதியவரும் பள்ளிப் பிள்ளையும் எப்படிக் கடப்பது என்ற கேள்வியும் கூடவே எழுகிறது. இதிலிருந்து இராமநாதபுரம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று: ஓட்டுநரின் காத்திருப்பு நேரத்தை மட்டும் அளந்து ஒரு சந்திப்பை நல்லது என்று தீர்மானிக்கக் கூடாது.

இராமநாதபுரத்துக்கென்று தனிச் சிக்கலும் உண்டு. ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் போக்குவரத்து ஒரே திசையில் வெள்ளமாக வரும். மதுரைப் பக்கமிருந்து இராமேஸ்வரத்துக்குப் போகும் வண்டிகள் இடைவெளியில்லாமல் வட்டத்தைச் சுற்றினால், தேவிபட்டினம் பக்கமிருந்து வருபவருக்கு நுழைய வாய்ப்பே கிடைக்காது. 'உள்ளே இருப்பவருக்கே வழி' என்ற விதியே அன்று அவருக்குச் சுவராகும். அப்படிப்பட்ட சில நாட்களில் போக்குவரத்துக் காவலர்கள் நின்று, அதிகம் வரும் பக்கத்தை அவ்வப்போது நிறுத்திவிட வேண்டும். ஆண்டின் மற்ற நாட்களில், குறிப்பாக நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில், வட்டம் தானாகவே வேலை செய்யும். சிக்னல் அந்த நேரத்தில் மஞ்சளாக மினுக்கிக்கொண்டிருக்கும். தூக்கக் கலக்கத்தில் வருபவருக்கு அது ஒன்றும் சொல்லாது.

நடப்பவரும் மிதிப்பவரும்

பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதியில் 2008-இல் வெளியான ஆய்வு ஒரு முக்கியமான எச்சரிக்கையைத் தந்தது. ரவுண்டானா வந்த பிறகு, அந்த இடங்களில் மிதிவண்டி ஓட்டுவோர் காயமடையும் விபத்துகள் 27 சதவீதம் கூடியிருந்தன. காரணம் புரியக்கூடியதுதான். இடப்பக்கம் ஓட்டும் நம் சாலையை வைத்தே பார்க்கலாம். கார் ஓட்டுநர் வலப்பக்கம் வரும் காரைத் தேடிக்கொண்டிருக்கும்போது, ஓரமாக வரும் சைக்கிள் அவர் கண்ணில் படுவதில்லை. வெளியேறத் திரும்பும் கார், இடப்பக்கம் ஓரமாக நேரே போகும் சைக்கிளை மடக்கிவிடுகிறது.

இராமநாதபுரம் மாவட்டத்தில் இதை அலட்சியம் செய்ய முடியாது. பத்தாம், பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நெடுஞ்சாலை ஓரமாகவே சைக்கிளில் பள்ளிக்குப் போகிறார்கள். எனவே வட்டத்துக்கு வெளியே, உயர்த்திய தனி ஓரப்பாதை சைக்கிளுக்கும் நடப்பவருக்கும் வேண்டும். பாதசாரிக் கோடு வட்டத்தின் வாயிலில் இருக்கக் கூடாது. ஒரு கார் நிற்கும் தூரம் பின்னால் தள்ளி இருக்க வேண்டும். அப்போதுதான் ஓட்டுநர் முதலில் நடப்பவரைப் பார்த்து நின்று, பிறகு வட்டத்தைப் பார்க்க முடியும். நடப்பவரும் ஒரு நேரத்தில் ஒரு திசையை மட்டும் கவனித்தால் போதும்: பாதி கடந்து திட்டில் நின்று, மறுபாதி கடக்கலாம். கண் தெரியாதவர்களுக்கு, நிற்காமல் சுழலும் வண்டிகளின் ஓசையிலிருந்து இடைவெளியைப் பிரித்தறிவது கடினம். பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் அருகில் உள்ள வட்டங்களில் உயர்த்திய பாதசாரிக் கடவை கட்டாயம்.

உப்புக் காற்றும் இருட்டும்

கடலோர மாவட்டத்தில் சாலைப் பாதுகாப்பு என்றால் உப்புக் காற்றையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். பாம்பன் பாலத்தின் இரும்பை அரிக்கும் அதே காற்று சாலைப் பலகையின் கம்பத்தையும் அரிக்கிறது. துருப்பிடித்துச் சாய்ந்த அம்புக்குறிப் பலகையை இரவில் யாரும் பார்ப்பதில்லை. ஆடிக் காற்று மணலை வாரித் தார்ச் சாலையில் போடுகிறது. வளைவில் மணல் கிடந்தால் பைக் சறுக்கும். நேர்ச்சாலையில் பொறுத்துக்கொள்ளக்கூடிய மணல், வட்டத்தில் ஆளைத் தள்ளும். இந்த வட்டங்களைப் பெருக்குவதும் சாலைப் பராமரிப்பின் பகுதி என்று ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும்.

வட்டத்துக்குச் சாதகமாகவும் கடற்கரை ஒன்றைச் சொல்கிறது. தனுஷ்கோடியையே 1964 டிசம்பரில் அழித்த புயலின் கரை இது. பெரும் காற்றடித்தால் முதலில் போவது மின்சாரம். மின்சாரம் போனால் சிக்னல் வெறும் கம்பம். கல்லால் கட்டிய வட்டமோ வண்டியை வளைத்துக்கொண்டே இருக்கும்.

ஆனால் இருட்டில் தெரியாத வட்டம், சாலையின் நடுவே கிடக்கும் பாறைக்குச் சமம். நூறில் வரும் காருக்கு முன்னால் திடீரென ஒரு மேடை முளைத்தால் அது நேராக மேடையில் ஏறும். நெடுஞ்சாலையில் புது ரவுண்டானா கட்டும் எந்த ஊரும் முதல் சில மாதங்களில் அஞ்ச வேண்டியது இதைத்தான். பல நூறு மீட்டருக்கு முன்பே முன்னறிவிப்புப் பலகை, தொடர்ந்து அதிர்வுக் கோடுகள், ஓரத்தில் ரிப்ளெக்டர்கள், நடுத்திட்டில் பெரிய அம்புக்குறிப் பலகைகள், மேலே ஹைமாஸ் விளக்கு, அந்த விளக்குக்கு மாற்று மின்வசதி. இவை ஒன்றும் அலங்காரச் செலவு அல்ல, வட்டத்தின் உறுப்புகள். விளக்குக்குப் பணம் இல்லை என்றால் அந்த வட்டத்தைத் திறக்கவே கூடாது.

சாவுக் கணக்குக்குக் காத்திருக்கலாமா?

இப்போதைய நடைமுறையில் ஒரு சாலைப் பகுதியை 'கரும்புள்ளி' என்று அறிவிக்க ஓர் அளவுகோல் இருக்கிறது. 500 மீட்டருக்குள், மூன்று ஆண்டுகளில், மரணமோ கொடுங்காயமோ விளைவித்த ஐந்து விபத்துகள் நடந்திருக்க வேண்டும். அல்லது பத்துப் பேர் இறந்திருக்க வேண்டும். பழைய சாலைகளில் எங்கே கைவைப்பது என்று வரிசைப்படுத்த இந்தக் கணக்கு உதவும். புதிதாகப் போடப்போகும் சாலைக்கு இதையே அளவுகோலாக வைத்தால், முதல் பத்துப் பேரைக் கணக்கெடுப்புக்காகக் கொடுத்துவிட்டோம் என்று பொருள்.

கொடுக்கத் தேவையில்லை. சாலைப் பாதுகாப்புத் தணிக்கைக்கு இந்திய சாலைக் காங்கிரஸின் கையேடே இருக்கிறது (சிறப்பு வெளியீடு 88). வரைபட நிலையிலும், கட்டும்போதும், திறக்கும் முன்பும் வெளியாட்கள் வந்து பார்த்துக் குறை சொல்வதுதான் அந்தத் தணிக்கை. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு, சாலையை வடிவமைத்தவரோ கட்டியவரோ பராமரிப்பவரோ பாதுகாப்பு விதிகளைப் பின்பற்றாமல் அதனால் ஒருவர் இறந்தாலோ ஊனமுற்றாலோ ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க இடம் தருகிறது. தொகை சிறிது. ஆனால் விபத்து என்றாலே ஓட்டுநரின் தவறு என்று எழுதி முடிக்கும் பழக்கத்துக்குச் சட்டமே வைத்த முதல் முற்றுப்புள்ளி அது.

பரமக்குடி – இராமநாதபுரம் சாலை கலப்பு ஆண்டுத்தொகை முறையில் கட்டப்பட இருக்கிறது. அரசு செலவில் 40 சதவீதத்தைக் கட்டும்போதே கொடுக்கும். மீதியைச் சாலை பயன்பாட்டுக்கு வந்த பிறகு ஆண்டுகள் தோறும் தவணையாகக் கொடுக்கும். அந்த ஆண்டுகளில் பராமரிப்பும் கட்டியவர் பொறுப்பு. சந்திப்பின் விளக்கும் கோடும் பலகையும் அந்தப் பொறுப்புக்குள் வர வேண்டும் என்று இப்போதே கேட்டால் வரும். சாலை திறந்த பிறகு கேட்டால், மனு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போகும்.

கேட்க வேண்டிய இடங்களும் இருக்கின்றன. மாவட்ட ஆட்சியர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு கூடுகிறது. சாலையோர ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. எங்கள் ஊர்ச் சந்திப்புக்கு வட்டமா, சுரங்கப் பாதையா, சிக்னலா என்று எந்தக் கணக்கின்படி முடிவு செய்தீர்கள்? வண்டிகளை எண்ணினீர்களா? அமாவாசைக்கு எண்ணினீர்களா, சாதாரண நாளுக்கா? சைக்கிளில் போகும் பிள்ளைகளையும் நடந்து கடப்பவர்களையும் எண்ணினீர்களா? பேருந்து எங்கே நிற்கும்? தணிக்கை அறிக்கையை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டுவீர்களா? இந்தக் கேள்விகளைக் கேட்கப் பொறியியல் பட்டம் தேவையில்லை. அந்தச் சந்திப்பைத் தினமும் கடப்பவர் என்ற தகுதி போதும்.

விபத்துக்குப் பிறகு செய்ய வேண்டியதில் தமிழ்நாடு பெரிய அடி எடுத்துவைத்திருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசின் செலவில் தருகிறது. எந்த ஊர்க்காரர், கையில் காப்பீடு உண்டா என்று கேட்பதில்லை. அந்த அக்கறை ஆம்புலன்ஸ் வரும் முன்பே, சாலையின் வரைபடத்திலேயே தொடங்க வேண்டும். இராமநாதபுரத்தின் புதிய சாலை இன்னும் வரைபடத்தை விட்டு முழுமையாக இறங்காத இந்த நேரத்தில், ஒரு திட்டை நகர்த்துவதற்கும் ஒரு பாதசாரிக் கோட்டைத் தள்ளி வரைவதற்கும் ஒரு பென்சில் போதும். தார் ஊற்றிய பிறகு அதே மாற்றத்துக்குக் கோடிகள் ஆகும். அதற்குள் எத்தனை வீடுகள் பிள்ளையை இழந்திருக்கும் என்பதற்கு எந்த ஒப்பந்தத்திலும் தொகை குறிப்பிட முடியாது. ஆகவே ஊராட்சித் தலைவர்களும் பள்ளித் தலைமையாசிரியர்களும் வேன் ஓட்டுநர் சங்கங்களும் மீனவர் அமைப்புகளும் அடுத்த சாலைப் பாதுகாப்புக் குழுக் கூட்டத்துக்கே மனுவோடு போக வேண்டும்.